அஞ்சடியில் உறுமி

பிரேமலாவின் பாட்டில் நடுவே ஓர் இடம் வரும். அங்கே எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பேஸ் கிதாரின் தந்திகள்மேல் அவள் உள்ளங்கையை வைத்து அமுக்குவாள். சுகுமாறன் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிடுவான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமை எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணுவதில்லை. போதும் என்று தோன்றும்போது பிரேமலா தலையை லேசாக அசைப்பாள். அதைக் கண்டதும் ரூபேந்திரன் வளைந்த குச்சியை உறுமியின் தோலில் இழுப்பான். தரைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல் எழும். பாட்டு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது என்பது அவள் எண்ணம். அதுவரை வந்ததெல்லாம் வாசல் கூட்டும் வேலை.

அந்தப் பாட்டை எழுதி நான்கு வருடமாகிறது. ஜேபியின் தம்போய்ப் பகுதியில் சுகுமாறன் வீட்டுக் கார் போர்ச்சில், பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவைத்து, மூன்று பேரும் அதை வாசித்து வாசித்துத் தேய்த்திருந்தார்கள். கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். சொந்தப் பாட்டை வெளி ஆள் ஒருவரும் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் சரியாகணும்" என்பாள் பிரேமலா. எது சரியாகணும் என்று கேட்டால் பதில் வராது. அவளிடம் கேள்வி கேட்பது கிணற்றில் கல்லைப் போடுகிற மாதிரி, சத்தம் வருகிறவரைக்கும் வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்று ரூபேந்திரன் கிண்டல் செய்வான்.

அவள் தெப்ராவில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். சத்தம் புகாத சின்ன அறை. முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் சோதனை ஒலியை ஓட்டி, கரகரப்பு இருக்கிறதா என்று காதால் கேட்க வேண்டும். நல்லதென்றால் பச்சை ஒட்டுத்தாள், இல்லையென்றால் சிவப்பு. ஒலி நின்றதும் அந்த அறைக்குள் இறங்குகிற அமைதியை அவள் வேறெங்கும் கேட்டதில்லை. பாட்டின் நடுவில் இருக்கும் இடத்தை அவள் எடுத்துவந்தது அங்கிருந்துதான்.

கடைசியில் கதவைத் திறந்தவர் கமலநாதன். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் கோடியில் 'த்ரீ லைவ்ஸ்' என்று ஒரு பார் வைத்திருந்தார். பழைய விளையாட்டு இயந்திரங்கள் இரண்டு சுவர் ஓரமாகவும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு டோக்கன் போட்டால் மூன்று உயிர் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இந்த இயந்திரங்களின் முன்னால் நின்று, அப்பாவிடம் காது பிடித்து இழுக்கப்பட்டவர் கமலநாதன். ஐம்பதை நெருங்குகிற வயதில், மூடிப்போன கடைகளிலிருந்து அவற்றைத் தேடிப் பொறுக்கி, திரை மாற்றி, பொத்தான் மாற்றி, மறுபடி பேச வைத்திருந்தார். வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு கையில் பீர் கிளாசும் மறு கையில் விளையாட்டுப் பிடியுமாக நிற்பார்கள். மூலையில் ஒரு சின்ன மேடை. அதில் இதுவரை ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள்தான் ஏறியிருந்தன.

"சொந்தப் பாட்டே போடுங்க மா," என்றார் பிரேமலாவிடம். "சனம் நின்னு கேட்டுச்சின்னா, மாசாமாசம் கடைசி வெள்ளி உங்களுக்குத்தான். திரும்பி மிஷின் பக்கம் போயிட்டாங்கன்னா, கோவிச்சுக்காத, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எங்க பாட்டு நடக்கும்போது மிஷின்களை ஆஃப் பண்ணிருவீங்களாண்ணே?" சுகுமாறன்தான் கேட்டான்.

"மிஷின் ஆஃப் பண்ணா அது பார் இல்லடா தம்பி, சாவு வீடு."

பிரேமலா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

தேதியைப் பார்த்துச் சொன்னது ரூபேந்திரன். அவன் தம்போய் மாரியம்மன் கோயில் உறுமி மேளக் குழுவில் இருந்தான். தீமிதி முந்தைய வாரமே முடிந்துவிடும், காப்பை அவிழ்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. பிறகு, ரதம் போகிற ரோட்டில் குழாய் பதிக்கிறார்கள் என்று கோயில் கமிட்டி திருவிழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தது. வாட்சாப்பில் அறிவிப்பு வந்தது. சரி, சிங்கப்பூர் வேலையில் ஒரு வாரம் கூட ஓவர்டைம் செய்யலாம் என்று மட்டும்தான் ரூபேந்திரனுக்குத் தோன்றியது. திருவிழா தள்ளிப்போனால் விரதமும் கூடவே தள்ளிப்போகும், அது நேராகக் கமலநாதன் பாரின் வாசலில் போய் நிற்கும் என்பதை அவன் நினைக்கவில்லை. மற்ற இருவரும் நினைக்கவில்லை.

அந்த வாரம் பயிற்சிக்கு அவன் வந்தபோது சுகுமாறன் முதலில் பார்த்தது அவன் மணிக்கட்டை.

"டேய், என்னாடா இது?"

"காப்பு."

"காப்புன்னு தெரியுது லா. வெள்ளிக்கிழமை நாம எங்க நிக்கணும்?"

ரூபேந்திரன் உறுமியைத் தோளிலிருந்து இறக்கினான். மஞ்சள் நூலைப் பார்த்தான். சுகுமாறனைப் பார்த்தான்.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தான்.

காப்பு கட்டினவன் மது விற்கிற இடத்துக்குள் கால் வைக்க மாட்டான். மற்ற வெள்ளிக்கிழமைகளில் கமலநாதன் கடைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவன் ரூபேந்திரன்தான். பந்தயக் கார் இயந்திரத்தில் அவன் பெயர்தான் மேலே இருந்தது. ஆனால் அம்மனுக்குக் கொடுத்த நாட்கள் அம்மனுடையவை. அதில் அவனிடம் பேரம் பேச முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரி, உறுமிய மட்டும் குடு. என் தம்பி அண்ணன் எவனாச்சும் ஒருத்தன் வாசிப்பான்," என்றான் சுகுமாறன்.

ரூபேந்திரன் உறையின் நாடாவை அவிழ்த்தான். உறுமியின் நடு இடுப்பிலும் மஞ்சள் நூல். ஒரு கொத்து வேப்பிலை. "இதுக்கும் கட்டியாச்சு. இதுவும் விரதம்."

"இது எப்படா பீர் குடிச்சிச்சு, விரதம் இருக்க?"

"வாயக் கழுவுடா."

"அதுவும் சரி, எல்லை தாண்டக் கூடாதும்பாங்களே. தம்போய்லேருந்து பெர்மாஸ் ஜெயாவுக்கு நீ வரவே கூடாதே?"

"அதெல்லாம் பூசாரியக் கேட்டுட்டேன். கடலத் தாண்டாதடான்னாரு. அதான் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுட்டேன். ஜேபிக்குள்ள எங்க வேணாலும் போலாம்."

"பாருக்குள்ள மட்டும் போகக் கூடாது."

"பாருக்குள்ள மட்டும் போகக் கூடாது," என்று ரூபேந்திரன் சோகமாகத் திருப்பிச் சொன்னான்.

சுகுமாறன் ஒரு வழி கண்டுபிடித்தான். உறுமியைப் பதிவு செய்து, கீபோர்டில் தட்டினால் ஒலிக்கிற பட்டை ஒன்றில் ஏற்றிவிடுவது. பிரேமலா தலையசைத்ததும் அவன் தட்டுவான், அது உறுமும். அன்றைக்கே பதிவு செய்தார்கள். பிரேமலா மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சோதனை அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். கரகரப்பு இல்லை. இழுப்பு சுத்தமாக இருந்தது. திரும்பக் கேட்டாள். அதே இழுப்பு, அதே இடத்தில் முடிந்தது. பச்சை ஒட்டலாம். அவள் தலையசைத்தால் அந்தக் கணமே வரும், ஒரு நூல் முன்னே பின்னே போகாது. அது தனக்குப் பிடித்துப்போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை ரூபேந்திரன் போன் செய்தான்.

"நான் அஞ்சடியில நின்னுக்கிறேன்."

"அஞ்சடியிலயா?"

"கமலா அண்ணன் கடைக்கு வெளிய, மீரா சாகிபு பாய் சாப்பாட்டுக்கடைப் பக்கமா. அது பொது நடைதானே, அம்மன் ஒண்ணும் சொல்லாது. மைக் வயர மட்டும் கதவு வழியா இழுத்து விடு. உள்ள வாசிக்கிறது எனக்குக் கேக்கறதுக்கு ஒரு ஸ்பீக்கர் குடு."

"நான் தலையாட்டறது உனக்குத் தெரியாதே."

"தெரியாதுதான்."

"அப்ப எப்ப ஆரம்பிப்ப?"

"கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன்."

"என்னத்தக் கேப்ப? அங்க ஒண்ணுமே இருக்காது."

"நாலு வருஷமா அந்த ஒண்ணுமில்லாததத்தான கேட்டுக்கிட்டு நிக்கிறேன்," என்றான். "உனக்கு மட்டும்தான் அது கேக்கும்னு நெனப்பு."

அவள் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். அவனும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் போய்வந்தது.

"ஸ்பீக்கர் கொண்டாரேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையில் சிவப்பு ஒட்டிக் கழித்துப் போட்டதிலிருந்து மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிய ஒலிபெருக்கி ஒன்றை அவள் அஞ்சடித் தூணில் கட்டினாள். கொஞ்சம் கரகரக்கும். வயர் பாரின் கண்ணாடிக் கதவின் கீழே நுழைந்து போனதால் கதவு சரியாக மூடவில்லை.

"ஏர்கோன் பூரா வெளிய போவுது," என்றார் கமலநாதன். "பெர்மாஸ் ஜெயாவுக்கே நான்தான் குளிர் குடுக்கிறேன்." பிறகு ரூபேந்திரனை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டேய், நீ பாட்டுக்கு உறுமிய இழுத்து, எவனுக்காச்சும் உள்ள சாமி வந்துருச்சின்னா?"

"மூணு உயிர் இருக்குல்லண்ணே, சமாளிச்சுக்குவான்."

பக்கத்துச் சாப்பாட்டுக்கடை மீரா சாகிபு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்துவந்து போட்டார். "விரதம்னு சொன்னாங்க. ஆட்டுக்கறிச் சட்டிய உள்ள தள்ளிட்டேன் தம்பி, வாடை வராது. பாங்கு சொல்லி முடியட்டும், அப்பறம் ஆரம்பிங்க, என்னா?"

"சரிங்க பாய்."

பாங்கு ஒலித்து முடிந்தது. அதற்குள் ரூபேந்திரனின் அம்மா சந்திரமதியும் வந்துவிட்டார். விரத நாளில் மகன் வெளியே சாப்பிடக் கூடாது என்று தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார். பாருக்கு முதுகைக் காட்டி, சாப்பாட்டுக்கடையின் வெளி மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே பார் நிறைந்திருந்தது. பிரேமலா மேடையில் ஏறியபோது சுகுமாறன் அவள் காதருகே குனிந்தான்.

"பட்டையில உறுமி இருக்கு. வெளிய ரூபன் இருக்கான். எது?"

"தெரியல."

"தெரியலயா?"

"நான் தலையாட்டுனா நீ தட்டு."

முதலில் இரண்டு பாட்டு. ஆட்கள் ஒரு காதை மட்டும் கொடுத்துக் கேட்டார்கள். மூன்றாவது அவளுடைய நான்கு வருடப் பாட்டு. அவள் குரல் பெரிய குரல் இல்லை. தனக்குள்ளே சொல்லிக்கொள்வதுபோலத்தான் பாடுவாள்.

ஆட்டம் முடிஞ்சு போச்சு
விரல் மட்டும் ஆடுது
வீடு வந்து சேந்தாச்சு
வழி மட்டும் ஓடுது

சிலர் திரும்பினார்கள். ஒரு பெண் கிளாசைக் கீழே வைத்தாள். பந்தயக் கார் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த சீன அங்கிள் மட்டும் திரும்பவில்லை. கமலநாதன் கல்லாவின் பின்னால் கைகட்டி நின்றார்.

அந்த இடம் வந்தது. பிரேமலா தந்திகளை அமுக்கினாள். சுகுமாறன் விரலை எடுத்தான்.

அமைதி வரவில்லை.

பாட்டு நின்றதும் இயந்திரங்கள் பேச ஆரம்பித்தன. அவை இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஒன்று விண்கலம் சுடுகிற சத்தத்தைத் தானாகப் போட்டுக்காட்டியது. இன்னொன்று, யாராவது வந்து விளையாடுங்களேன் என்று கெஞ்சுகிற ஒரு துண்டு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. எங்கோ ஒரு டோக்கன் விழுந்தது. கார் டயர் கிறீச்சிட்டது. சாவு வீடு என்று கமலநாதன் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தன் அமைதிக்குள் இவ்வளவும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவள் மனம் நம்பியிருக்கவில்லை. சோதனை அறையை இடுப்பில் கட்டிக்கொண்டு வரமுடியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்தாள். அடங்கவில்லை. சுகுமாறனின் விரல் பட்டைக்கு மேலே, அவள் தலையைப் பார்த்தபடி நின்றது. தலையசைத்தால் போதும், அந்தச் சுத்தமான இழுப்பு வந்துவிடும். ஆனால் இன்னும் சரியாகவில்லை, இன்னும் கொஞ்சம். முன்வரிசையில் ஒருவர் இருமினார். கிளாசை வைத்த பெண் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பின்னால் இரண்டு பேர் மெல்லத் திரும்பி இயந்திரத்தின் பக்கம் போனார்கள். கமலநாதன் கட்டிய கையைப் பிரித்து, ஒரு துணியை எடுத்துக் கல்லாவைத் துடைக்கத் தொடங்கினார். பிரேமலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நான்கு வருடமும் இப்படித்தான் நின்றிருக்கிறேன் என்று தோன்றியது. சத்தம் ஓயட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று.

ஓர் ஓரத்து இயந்திரத்தில் யாரோ கடைசி உயிரையும் விட்டார்கள். செத்ததும் அது போடுகிற மெட்டு தொடங்கியது. படிப்படியாக, ஒவ்வொரு சுரமாக, கீழே கீழே இறங்கி, கடைசிச் சுரத்தில் போய் நின்றது.

நின்ற அந்தச் சுரத்தில், வெளியிலிருந்து உறுமி முனகியது.

யாரும் தலையசைக்கவில்லை. குச்சி தோலில் இழுபட்டு, இயந்திரம் கைவிட்ட இடத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஏறி, ஒரு நொடி தயங்கி, மறுபடி அடிவயிற்றுக்கு இறங்கியது. மேடையின் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கதவின் இடுக்கு வழியாகவும் வந்தது. அவன் இத்தனை நேரமும் அங்கே அந்தக் கரகரக்கும் ஸ்பீக்கரில் இயந்திரங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவற்றை இன்னொரு மேளக்காரனாக நினைத்து, அவன் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறான்.

சீன அங்கிள் முதன்முறையாகத் தலையைத் திருப்பினார். திரையில் அவருடைய கார் போய்ச் சுவரில் மோதி வெடித்தது. அவர் கவனிக்கவில்லை.

சுகுமாறன் அவளைப் பார்த்தான். என்ன செய்ய என்று புருவத்தைத் தூக்கினான். பிரேமலாவின் கை தானாகத் தந்திக்குப் போனது. அடுத்தது அவளுடைய முறை, அவ்வளவுதான். சுகுமாறன் பட்டையை விட்டுவிட்டுக் கட்டைகளில் விரலை வைத்தான். உறுமி இழுத்தது, பேஸ் அதன் கீழே நடந்தது. நடுவே விண்கலம் சுட்டது. அவள் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டாள். ஆட்கள் மேடையைப் பார்ப்பதா, கதவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் போய்க் கதவை அகலத் திறந்து, தன் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஏர்கோனைப் பற்றிக் கமலநாதன் ஒன்றும் சொல்லவில்லை.

திறந்த கதவு வழியே பிரேமலாவுக்கு அஞ்சடி தெரிந்தது. ரூபேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவனைச் சுற்றி, பாருக்குள் ஒருநாளும் கால் வைக்காத ஆட்கள் நின்றிருந்தார்கள். சாப்பாட்டுக்கடையிலிருந்து எழுந்து வந்த குடும்பங்கள். முக்காடு போட்ட ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. தே தாரிக் தேநீர்க் குவளையை ஆற்றாமல் பிடித்தபடி கடை ஆள். மீரா சாகிபு கடைத் தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு சத்தமில்லாமல் ஓடியது. சந்திரமதி நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தபோது கைதட்டல் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வரவில்லை. வெளியே கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பிந்தி வந்தது நெடுநேரம் நீடித்தது.

வயரைச் சுருட்ட அவள் வெளியே வந்தபோது சந்திரமதி மகனுக்குத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் இத்தன நாளா போனீங்களாடா? குடிக்கத்தான் போறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"அதுக்கும்தாம்மா."

"செருப்பு." பிறகு பிரேமலாவைப் பார்த்தார். "ஏம்மா, நடுவுல ஏன் அப்படி நின்னுட்ட? மறந்துட்டியா?"

"இல்ல ஆண்ட்டி. அது அப்படித்தான்."

"நல்லாத்தான் இருந்துச்சி. எனக்கு மிஷின் அழுவற சத்தங்கூட கேட்டுச்சி."

கமலநாதன் வாசல்வரை வந்து, உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். "கடைசி வெள்ளி உங்களுக்குத்தான்," என்றார். சொல்லிவிட்டு ரூபேந்திரனைப் பார்த்தார். "அடுத்த மாசம் காப்பு அவுத்துருப்பல்ல? உள்ளயே வந்து நில்லு. கதவச் சாத்தணும் எனக்கு."

ரூபேந்திரன் வாய் நிறையச் சோறோடு தலையாட்டினான். பிரேமலா சுருட்டிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கமலநாதன் உள்ளே திரும்பிப் போக ஓர் அடி வைத்தார்.

"கதவு தெறந்தே இருக்கட்டும்ணே," என்றாள்.

"என்னாது?"

"அவன் வெளியவே நிக்கட்டும். இவங்கெல்லாம் உள்ள வரமாட்டாங்கல்ல."

கமலநாதன் அஞ்சடியில் இன்னும் கலையாமல் நின்ற ஆட்களைப் பார்த்தார். மீரா சாகிபைப் பார்த்தார். "பாய், ஏர்கோன் பில்லுல பாதி நீங்க."

"அதுக்கென்ன," என்றார் மீரா சாகிபு. "தே தாரிக்கால அடச்சிடுறேன்."

உறுமியைத் தவிர மற்றச் சாமான்களை ஏற்றி முடித்த பிறகும் பிரேமலாவுக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. உள்ளே போனாள். அந்த ஓரத்து இயந்திரத்தின் முன்னால் நின்றாள். இத்தனை தடவை இந்தக் கடைக்கு வந்தும் அவள் ஒருமுறைகூட விளையாடியதில்லை. சுகுமாறன் ஒரு டோக்கனை நீட்டினான். போட்டாள். மூன்று சின்ன உருவங்கள் திரையின் மூலையில் எரிந்தன.

"லெப்ட்டு!" அஞ்சடியிலிருந்து, வாசற்படியைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் நீட்டி ரூபேந்திரன் கத்தினான். "லெப்ட்டு லா! ஐயோ, லெப்ட்டு எந்தப் பக்கம்னு தெரியாதா உனக்கு?"

"சும்மா இருடா."

"சுடு! சுடு! சும்மா நிக்காத!"

முதல் உயிர் போனது. இரண்டாவது அதைவிட வேகமாகப் போனது. மூன்றாவதில் அவள் கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். பிறகு அதுவும் போனது. மெட்டு தொடங்கியது. சுரம் சுரமாக, கீழே கீழே. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். மெட்டு கடைசிச் சுரத்துக்கு வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தாள்.

வெளியே உறுமி ஒருமுறை உறுமியது.

"இன்னொரு டோக்கன் குடு," என்றாள் சுகுமாறனிடம்.